சொட்டாத ஓஸ்

முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். எங்கள் காரின் பவர் ஸ்டீரிங் ஒரு மாதம் ஊளையிட்டதற்குக் காரணம் நான்தான். கடைசிவரை மறைத்து வைத்து, சரியான இடத்தில் போட்டு உடைக்கிற அளவுக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை. அந்த மாதத்தை நினைத்தாலே இப்போதும் கொட்டாவி வருகிறது.

வீடு போடியில். தோட்டம் மலை மேலே, போடிமெட்டைத் தாண்டி, கேரளா பக்கம். மூன்று ஏக்கர் ஏலக்காய். அப்பா இல்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அவர் போன பிறகு தோட்டமும் ஒரு பழைய காரும் அம்மாவின் தலையில் விழுந்தன. நாற்பத்தாறு வயதில் அம்மா அந்தக் காரை ஓட்டப் பழகினாள். வேறு வழியில்லை. வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் இறங்க வேண்டும், சாயங்காலம் அதே தூரம் ஏற வேண்டும். சொந்தக் கார் இருந்தால் எஸ்டேட் மண் ரோடு வழியாக ஸ்டோர் வாசல்வரை போய்விடலாம். ஸ்டோர் என்பது காய் உலர்த்துகிற கட்டடம். பறித்த பச்சைக் காய் அன்றைக்கே அங்கே டிரையரில் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் நிறம் போய்விடும். நிறம் போன ஏலக்காயை ஊரில் காய் ஏலம் விடுகிற ஏல மையத்தில் எவனும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்துச் சேற்றில் வழுக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. உள்ளே பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா கார் ஓட்டுவதே பவர் ஸ்டீரிங் தயவில்தான். ஸ்டீரிங் லேசாகச் சுற்றினால் அம்மா பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறுவாள். கனத்தால் இரண்டாவது வளைவில் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அம்மா ஓட்டவில்லை என்றால் தோட்டத்தை மாமாவிடம் குத்தகைக்கு விட்டுவிட வேண்டியதுதான். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பக்கத்துத் தோட்டக்காரர். மூன்று வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ ஓட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணிக்கு லாகின். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே செருப்பு சைஸ் மாற்றிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குத் தட்டுகிறேன். என் சிரமத்துக்கு இதுவரை எவரும் வருந்தியதில்லை.

இனி அந்த ஓஸ்.

பங்குனி வெயிலில், ஏலச்செடிக்குத் தண்ணீர் காட்டுகிற சமயத்தில் ஒருநாள், அம்மா வீட்டுக்கு வந்ததும் திண்டாடித் திண்டாடிக் காரை நிறுத்தினாள். ஸ்டீரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் உள்ளே பூராவும் சிவப்பு எண்ணெய். ஸ்டீரிங் ஆயில் டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற குட்டையான ஓஸ், அந்த ரப்பர் குழாய், வெடித்திருந்தது. கம்பெனி ஓஸ் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்று ஸ்பேர் கடையில் சொன்னார்கள். மறுநாள் எங்கள் தண்ணீர் முறை. விட்டால் செடி காயும்.

நான் டிக்கியைத் திறந்தேன். ஏலத்தோட்டக்காரர்கள் கார் டிக்கியில் என்ன இருக்குமோ அது எங்கள் டிக்கியிலும் இருந்தது: தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சை ஓஸில் மிச்சத் துண்டுகள், ஒரு கத்தி, பழைய சைக்கிள் டியூப். பச்சை ஓஸில் ஒரு சாண் வெட்டிச் செருகினேன். பம்பு பக்கம் பழைய கிளாம்பே பிடித்தது. டப்பா பக்கத்துக் கிளாம்பு துருப்பிடித்து உடைந்துவிட்டது. அந்த இடத்தில் டியூப்பை வாராகக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மலையில் எந்தத் தோட்டத்திலும் ஓஸ் இணைப்பு இப்படித்தான். கட்டி முடித்ததும் தண்ணீரைத் திறந்து, கீழே விரல் வைத்துத் தடவிப் பார்ப்போம். சொட்டவில்லை என்றால் இணைப்பு நல்ல இணைப்பு. அதற்கு மேல் ஒரு சோதனை இருப்பதாக எங்களில் எவரும் நினைத்ததே இல்லை.

ஆயில் ஊற்றி, வண்டியைப் போட்டு, விரல் வைத்துத் தடவினேன். சொட்டவில்லை. இரண்டு நாளைக்கு மட்டும் என்று போட்டது, அப்படியே ஆறு மாதம் கிடந்தது. நான் மறந்தே போனேன். அம்மா மறக்கவில்லை. அம்மா அதைத் தெருவுக்கே காட்டினாள். பால்காரருக்குக்கூடப் பானெட்டைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"எம் மக போட்டது. படிச்ச படிப்பு வீணாப் போகுமா?"

புரட்டாசியில் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் காலைக் குளிரில் மட்டும், வளைவில் திருப்பும்போது மட்டும், ஒரு முனகல். அப்புறம் நேர் ரோட்டிலும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முனகல் ஊளையாகும். அம்மாவோடு தினமும் மலைக்கு வருகிற, காய் எடுக்கிற, சிலமலை ஊர்க்கார அக்காதான் முதலில் பெயர் வைத்தாள்.

"என்னக்கா, ஒங்க காரு புள்ளத்தாச்சி மாதிரி மொனகுது? மேல போறதுக்குள்ள பெத்துரும்போல."

"வாய மூடிட்டு வா. எம் மக பாத்துச் சொல்லுவா," என்றாள் அம்மா.

மகள் பார்த்துச் சொன்னாள். பெல்ட் என்று சொன்னாள். நாலு வீடியோ பார்த்த திமிரில் சொன்னாள். பெல்ட் வழுக்கினால் கிறீச்சென்று கத்தும், அதன்மேல் தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் அடங்கும் என்று அந்த வீடியோக்களிலேயே இருந்தது. தெளித்துப் பார்த்தேன். அடங்கவில்லை. அடங்காவிட்டாலும் பெல்ட்டை மாற்ற வைத்தேன். ஏனென்றால் நான் ஏற்கெனவே பெல்ட் என்று சொல்லிவிட்டேன். புது பெல்ட்டோடு கார் புதுத் தெம்பாக ஊளையிட்டது.

பிறகு பட்டறை. மூணாறு ரோட்டில் இருக்கிறது. ஒற்றை ஆளாக நடத்துகிற ஒரு அண்ணன், நாற்பது வயசிருக்கும். எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டே வேலை பார்ப்பார். ஆள் இல்லையென்றால் ஸ்பேனரைத் திட்டுவார். அவர் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஆயில் கொறஞ்சிருக்கு, அக்கா. ஊத்துறேன். செரியாப் போகும்."

இரண்டு நாள் சரியாகப் போனது. மூன்றாம் நாள் மறுபடியும் பட்டறை வாசலில் நின்றோம். நான் லஞ்ச் பிரேக்கில் ஓடியிருந்தேன். தலையில் ஹெட்செட் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் என்ஜினை ஓடவிட்டு, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பம்பு போச்சு."

"எப்படிண்ணே சொல்றீங்க?" என்றேன்.

"சத்தம் பம்புலதான பாப்பா வருது?"

"சத்தம் பம்புல வருதுன்னா பம்புதான் கெட்டிருக்கணுமா? வேற எதுனாலயாச்சும் பம்பு கத்தலாம்ல?"

"அப்ப நீயே பாரு. இந்தா ஸ்பேனரு. இஞ்சினியருல்ல நீ? நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

நான் ஸ்பேனரை வாங்கவில்லை. ஒரு மணிக்கு மறுபடியும் லாகின். எட்டு எண் செருப்புக்கு ஒன்பது எண் கேட்டு ஒருவர் நாலு நாளாகக் கோபத்தில் இருந்தார். பம்பையே மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பிறகு அம்மா சொன்னதுதான் இது. அண்ணன் பம்பைக் கழற்றும்போது பச்சை ஓஸைப் பார்த்துவிட்டார். இது என்ன அக்கா, தோட்டத்து ஓஸைக் கொண்டாந்து சொருகி வச்சிருக்கீங்க, இதையும் மாத்திரலாம் என்றிருக்கிறார். அம்மா குறுக்கே விழுந்திருக்கிறாள்.

"அதத் தொடாதீங்க தம்பி. எம் மக போட்டது. ஆறு மாசமாச்சு, ஒரு சொட்டு ஒழுகல. தடவிப் பாருங்க."

அவர் தடவிப் பார்த்திருக்கிறார். அவரும் போடிக்காரர்தானே. விரல் காய்ந்திருந்தது. "இஞ்சினியரு போட்டது. நமக்கெதுக்கு வம்பு," என்று பம்பு பக்கத்து முனையை மட்டும் கழற்றி, புதுப் பம்பில் மாட்டி, கிளாம்பை இறுக்கிவிட்டார். டியூப் வார் சுற்றிய மேல் முனையை யாரும் தொடவில்லை.

புதுப் பம்பும் கத்தியது. பழையதைவிடக் கொஞ்சம் சன்னமான குரல், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சலித்துவிட்டது. கோபமாவது வந்திருந்தால் பரவாயில்லை. காலையில் காரை எடுக்கும்போதே அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். சாயங்காலம் வந்ததும் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்பேன்.

"இன்னைக்கு எப்படி?"

"அப்படியேதான்."

"கனமா இருந்துச்சா?"

"சில வளைவுல இருக்கு, சில வளைவுல இல்ல. ஒனக்கெதுக்கு. நீ ஒஞ் சோலியப் பாரு."

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சத்தத்தை நேரில் கேட்டுத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும் என்று பெரிய விஞ்ஞானி நினைப்பு. பின்சீட்டில் சிலமலை அக்கா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். மேலே பனி. ஒன்பதாவது வளைவில் அம்மா பாதி திருப்பியிருந்தபோது மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. பஸ்ஸுக்கு இடம் விட அம்மா இன்னும் ஒடிக்க வேண்டும். ஸ்டீரிங் உறுமிக்கொண்டே வந்து, நடுவில் நின்றுவிட்டது. பூட்டுப் போட்ட மாதிரி. அம்மாவின் தோள் இரண்டும் மேலே ஏறின. கை வழுக்கியது.

நான் பக்கத்திலிருந்து எட்டி இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பியது. பஸ் எங்கள் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, ரெண்டு பேரு சேந்து ஓட்டுற வண்டியா அது? வீட்டுல யாரும் ஆம்பள இல்லையா?"

"இருந்தா அவகளும் இதத்தான் ஓட்டணும். நீ போய்யா!" என்று தூக்கக் கலக்கத்திலேயே கத்தினாள் சிலமலை அக்கா.

அம்மா காரை மெதுவாக நகர்த்தினாள். வளைவு தாண்டி ஓரம் கட்டினாள். மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு இறங்கி வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஓட்டினேன். அதற்குப் பிறகு மேலே போகிறவரை சத்தம் ஒன்றுதான் பேசிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். பஸ் விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. போடியில் ஒருவர் தும்மினால் ஏல மையத்தில் சளிக்கு மருந்து சொல்வார்கள்.

"ஏத்தா, எதுக்கு இந்தப் பாடு? கையும் போயி, காரும் போயி. தோட்டத்த எங்கிட்ட விடு. வருசத்துக்கு இம்புட்டுன்னு வாங்கிட்டு வீட்டுல நிம்மதியா இரு."

"யோசிக்கிறேண்ணே."

"மூணு வருசமா யோசிக்கிற. ஞாயித்துக்கெழம வர்றேன். ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணு சொல்லிரு." என் பக்கம் திரும்பினார். "என்ன மருமகளே, ஒரு காரு சத்தத்த நிறுத்த முடியல, என்னத்தப் படிச்ச?"

"மாமா, நான் மெக்கானிக்கல் படிச்சேன். மந்திரம் படிக்கல."

"மந்திரம் படிச்சிருந்தாக்கூட ஆட்டுக்கு ஆகும், மாட்டுக்கு ஆகும்," என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போனதும் அம்மா சொன்னாள், "கொடுத்துருவோம்டி. முடியல." அதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை. சோறு ஆறிவிட்டது என்று சொல்கிற குரல். 

வெள்ளிக்கிழமை அம்மா மலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை எனக்கு லீவு. பழுத்த காய் செடியில் நின்றது, போயே ஆக வேண்டும். நான் ஓட்டினேன். எனக்கே தோள் கழன்றது. ஸ்டோர் வாசலில் காரை நிறுத்தியதும் அம்மாவும் சிலமலை அக்காவும் கூடையைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கிப் போனார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று இல்லை. கீழே செடிக்குள் போனால் அட்டை கடிக்கும், அதனால் உட்கார்ந்தேன்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் டப்பாவின் மூடியைச் சும்மா திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ரோஸ் மில்க் மாதிரி இருந்தது. மேலே நுரை. உள்ளே பொடிப்பொடியாகக் குமிழி.

இது எனக்குத் தெரியும். எவருக்கும் தெரியும். நுரை என்றால் காற்று. ஆயிலோடு காற்றும் சேர்ந்து பம்புக்குள் போகிறது. பம்பு மெல்லுவதற்கு ஆயில் கிடைக்காமல் காற்றைக் கடித்துக் கத்துகிறது. குமிழி கூடினால் அழுத்தம் விழுந்து ஸ்டீரிங் கனத்துப்போகும். பட்டறையில் என்ஜினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தோம், நுரை அடங்கியிருந்தது. ஓடும்போது யாரும் திறக்கவில்லை. ஒரு மாதம், ஒரு பெல்ட், ஒரு பம்பு. ஓடும்போது ஒரு மூடியைத் திறக்க எவருக்கும் தோன்றவில்லை.

காற்று எங்கே நுழைகிறது? ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துத் தடவினேன். எதுவும் சொட்டவில்லை. மறுபடியும் தடவினேன். அப்போதுதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று உறைத்தது. தோட்டத்து ஓஸில் தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே தள்ளும். ஓட்டை இருந்தால் சொட்டும். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ஓஸில் அப்படி இல்லை. அங்கே பம்பு உறிஞ்சுகிறது. ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். விரல் ஆயுசுக்கும் காய்ந்தே இருக்கும்.

ஸ்டோரில் டிரையர் விசிறிக்குப் போடுகிற கிரீஸ் டப்பா இருந்தது. எடுத்து வந்து ஒவ்வொரு இணைப்பாகக் கெட்டியாக அப்பினேன். ஓட்டை உள்ள இடத்தைக் கிரீஸ் அடைத்தால் சத்தம் குறைய வேண்டும். பம்புப் பக்கத்துக் கிளாம்பில் அப்பினேன். ஊளை அப்படியே. திரும்பி வருகிற ஓஸின் இரண்டு முனையிலும் அப்பினேன். ஊளை அப்படியே. என்னுடைய டியூப் கட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வேண்டுமென்று வைக்கவில்லை. அது நான் போட்டது, நல்ல இணைப்பு என்று கையே அதைத் தாண்டிப் போய்விட்டது.

அதில் அப்பினேன். ஐந்து எண்ணுவதற்குள் ஊளை இறங்கி முனகலானது. இன்னும் கொஞ்சம் அப்பினேன். முனகலும் தேய்ந்தது. என்ஜின் சத்தம் மட்டும் மிச்சம்.

குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. கல்லில் போய் மறுபடியும் உட்கார்ந்தேன். டியூப் வாரைத் தொட்டுப் பார்த்தால் ஆயிலில் ஊறி நைந்துபோயிருந்தது. பச்சை ஓஸ் சூட்டில் விறைத்து, வாய் வட்டமாக இல்லாமல் கோணிக்கொண்டிருந்தது. அந்த ஓஸ் தண்ணீருக்குச் செய்தது, சுடுகிற ஆயிலுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொள்ள பி.இ. தேவையில்லை. ஆனால் பி.இ. இருந்தால் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன். கமுக்கமாக ஓஸை மாற்றிவிட்டு, 'கண்டுபிடிச்சிட்டேன்' என்று ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பட்டறை அண்ணன் மாற்றிய பம்பு சொத்தை என்றால் நம்புவதற்கு அம்மா தயார்.

மத்தியானம் அம்மா மேலே ஏறி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி, சத்தத்தக் காணோம்?"

"ஓஸு வழியா காத்து இழுத்திருக்கும்மா. இந்த இடத்துல."

"எந்த இடத்துல?"

"நான் கட்டுனதுல."

அம்மா குனிந்து பார்த்தாள். கிரீஸ் அப்பியதால் டியூப் கட்டே தெரியவில்லை. அடியில் விரல் வைத்துத் தடவினாள்.

"ஒழுகவே இல்லையேடி."

"ஒழுகாதும்மா. இது உறிஞ்சுற ஓஸு. காத்துத்தான் உள்ள போகும்."

"அப்ப அந்தத் தம்பி மாத்துறேன்னு சொன்னப்பவே மாத்தியிருந்தா..."

"ஆமா."

"நாந்தான தொடாதன்னு சொன்னேன்."

"தப்பா போட்டது நான்தானேம்மா."

சிலமலை அக்கா கூடையை இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஆத்தாளும் மகளும் சேந்து ஒரு மாசம் என் உசுர வாங்கிட்டு, இப்ப யாரு வாங்குனதுன்னு சண்டையா? கஞ்சியக் கொண்டாங்க, பசிக்குது."

கிரீஸ் தயவில் மெதுவாக இறங்கினோம். பட்டறையில் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். உள்ளே போய், ஆயிலுக்கென்றே வருகிற கறுப்பு ரப்பர் ஓஸில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு ஸ்க்ரூ கிளாம்போடு கொடுத்தார். பங்குனியிலும் அது அவர் கடையில் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

"நானும் தடவிப் பாத்தேன், பாப்பா," என்றார். "வெளிய சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். ஓஸை மாற்ற கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு பழைய நுரை ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் தூக்கிக் கல் அண்டை கொடுத்தேன். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேற, என்ஜினைப் போடாமல் ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். அம்மா டிரைவர் சீட்டில், நான் டப்பாவுக்கு மேல்.

"லெஃப்ட்டு. மெதுவா. முட்டுனதும் பிடிச்சுட்டு நிக்காத, திருப்பிரு."

"எத்தன தடவடி?"

"இருபது."

"கை வலிக்காதா?"

"சக்கரம் தூக்கியிருக்கும்மா. லேசாத்தான் இருக்கும்."

"லேசாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. அதில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திருப்பலுக்கும் இரண்டு மூன்று குமிழி மேலே வந்து உடையும், அளவு இறங்கும், நான் கொஞ்சம் ஊற்றுவேன். பதினான்காவதில் குமிழி நின்றது. இருபது முடித்துவிட்டு என்ஜினைப் போடச் சொன்னேன். ஆயில் சிவப்பாகவே இருந்தது. சத்தம் இல்லை.

மாமா பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னத்தா, ஓடாத கார்ல ஒக்காந்து ஓட்டிட்டு இருக்க?"

அம்மா என்னைப் பார்த்து, "ஜாக்கிய எறக்கு," என்றாள். இறக்கினேன். அம்மா காரை எடுத்துக்கொண்டு போனாள், தனியாக. மாமாவும் நானும் வாசலில் நின்றோம். மாமா ஓஸ் கதையை என்னிடமிருந்து முழுதாகக் கறந்துவிட்டார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அவர் கார் டிக்கியிலும் இரண்டு பச்சை ஓஸ் துண்டு கிடப்பதாகச் சொல்லி, ரேடியேட்டருக்கு ஆகுமா என்று கேட்டார்.

"ஆகாது மாமா."

"ஒழுகாதே?"

நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே வைக்கப் போனேன்.

அரை மணி நேரம் கழித்து அம்மா வந்தாள். மலை ரோட்டில் முதல் வளைவுவரை போய்த் திரும்பியிருக்கிறாள். இறங்கி, கதவைச் சாத்தி, கதவிலேயே சாய்ந்து நின்றாள்.

"என்னத்தா சொல்ற?" என்றார் மாமா.

"இல்லண்ணே. நானே பாத்துக்கிறேன்."

மாமா என்னைப் பார்த்து, "நீ கெடுத்துட்ட, மருமகளே," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அவர் பைக் தெருமுனை திரும்பியதும் நான் கேட்டேன். "எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருக்கு. வெண்ணெ மாதிரி சுத்துது."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். மணிக்கட்டை மற்ற கையால் நீவினாள். "சத்தம் இருந்த வரைக்கும் ஒரு சாக்கு இருந்துச்சுடி," என்றாள். "காரு சரியில்ல, அதனால குடுத்துட்டேன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம். எனக்கே சொல்லிக்கலாம். இப்ப காரு நல்லா இருக்கு. ஒரு கோளாறும் இல்லாம எப்படிக் குடுக்குறது?"

 ஒரு மாதமாக நான் கார் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப குடுத்துரும்மா. சாக்கே வேணாம். டயர்டா இருக்குன்னு சொல்லு."

"டயர்டா இருக்குன்னு சொல்லி யாருடி நெலத்த விட்டுருக்கா?" என்று அம்மா எழுந்து உள்ளே போனாள்.

 சாயங்காலம் நான் லேப்டாப்பைத் திறந்து, காலை எட்டு மணி ஷிஃப்ட்டை மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா என்று மேனேஜருக்கு எழுதினேன். வாரத்தில் மூன்று நாள் என்றேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'குடும்ப விவசாயம்' என்று போட்டேன். அங்கிருந்தும் வருந்துகிறோம் என்று வரும் என்றுதான் நினைத்தேன். சரி என்று வந்தது.

திங்கள், புதன், வெள்ளி நான் காலையில் அம்மாவை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரோடு இறங்குகிறேன். சாயங்காலம் அம்மா, பக்கத்துத் தோட்டத்திலிருந்து இறங்குகிற மாமாவின் ஜீப்பில் வருகிறாள். மற்ற நாள் அம்மாவே ஓட்டுகிறாள். யாருக்கும் இதில் பெரிய திருப்தி இல்லை. சிலமலை அக்காவுக்கு நான் ஓட்டுவது பிடிக்கவில்லை, வாந்தி வருகிறதாம். எனக்கு ஷிஃப்ட் ராத்திரிவரை இழுக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது.

முதல் திங்கட்கிழமை பனிக்குள் ஏறிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது வளைவில் ஏதோ கேட்பதற்காக அம்மா பக்கம் திரும்பினேன். தலை கண்ணாடியில் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கார் ஓட்டப் பழகிய நாளிலிருந்து அவள் இந்த ரோட்டில் தூங்கியதில்லை. கேட்க வந்ததை விட்டுவிட்டு கியரைக் குறைத்தேன்.